இன்ஸ்பெக்டர் இன்னும் தூங்கவில்லை

செப்டம்பர் 5

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக உன் தம்பி போனில் சொன்னான். நீயும் "ம், வந்துட்டேன்" என்றாய். அதற்குள் யாரோ இருமல் மருந்து கேட்டு வந்துவிட்டார்கள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் போனில் நமக்கு 'ம்' என்பதைத் தாண்டிப் பேச வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது நடுவில் யாரும் இருமல் மருந்து கேட்க மாட்டார்கள்.

தம்பியின் இடுப்பு எப்படி இருக்கிறது? ஏணியில் ஏறி மேல்தட்டுப் பெட்டியை இறக்குகிற வயதா அவனுக்கு? அவன் எழுந்து நடக்கும்வரை மருந்துக் கடையை நீ பார்த்துக்கொள்வதுதான் நியாயம். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஓய்வுபெறும்வரை நின்றவளுக்கு ஒரு தெருமுனைக் கடை எம்மாத்திரம்.

இங்கே நானும் இன்ஸ்பெக்டரும் சௌக்கியம். காலையில் தோட்டத்துப் பெட்டியைத் திறந்ததும் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு செடியாக நின்று பார்த்தார். எதையும் பாராட்டவில்லை. என் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோன இன்ஸ்பெக்டர்களை நினைத்து இந்த ஆமைக்கு நான் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம் என்று மறுபடியும் தோன்றியது.

ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறேன். பெட்டியின் மூலையில் நீ தொங்கவிட்டிருந்த சூட்டு விளக்கை நடுவுக்கு மாற்றிவிட்டேன். வகுப்பில் கடைசி வரிசைக்கும் குரல் கேட்க வேண்டும் அல்லவா? அதுபோல எல்லா இடத்துக்கும் சமமாகச் சூடு போகட்டும்.

நின்றுகொண்டே சாப்பிடாதே.

இப்படிக்கு,
வாத்தியார்


செப்டம்பர் 16

அன்புள்ள வாத்தியாருக்கு,

கடிதம் வந்தது. நான் சுகம். தம்பிக்கு இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். கடையின் பின்னறையில் படுத்துக்கொண்டு கைத்தடியால் சுவரைத் தட்டித் தட்டி என்னை வேலை வாங்குகிறான். ஒரு தட்டு என்றால் டீ. இரண்டு தட்டு என்றால் 'யாரு வந்திருக்கா?' நேற்று விடாமல் தட்டினான். மாத்திரையைப் பாதி எண்ணியபடி விட்டுவிட்டு ஓடினேன். "ஒண்ணுமில்லக்கா, இருக்கியான்னு பாத்தேன்" என்கிறான். நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு வந்தேன்.

விளக்கை உடனே பழைய மூலைக்கே மாற்றுங்கள். நமக்கெல்லாம் உடம்புக்குள்ளேயே அடுப்பு எரிகிறது. இன்ஸ்பெக்டருக்கு எரியவில்லை. சூடு வேண்டுமென்றால் விளக்கடிக்கு நடப்பான், போதுமென்றால் நிழலுக்கு நடப்பான். அந்த நடைதான் அவனுக்கு அடுப்பு. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் இருந்தால்தான் அவனால் வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியும். எல்லா இடமும் ஒரே சூடு என்றால் அது வீடு இல்லை, பானை.

இன்னொன்று. வெயில் அடிக்கும்போது பெட்டியின் கண்ணாடி மூடியைத் திறந்தே வையுங்கள். வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். அவன் ஓட்டுக்கும் எலும்புக்கும் வேண்டிய புற ஊதாக் கதிர் வராது. இதைப் போய் இயற்பியல் வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. மேகமான நாளில் அந்த நீளக் குழல் விளக்கை, அதுதான் வெயில் விளக்கை, காலையிலிருந்து பொழுது சாயும்வரை எரிய விடுங்கள்.

முட்டி வலி மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு. முன்னால் இல்லை. அக்டோபர் கடைசியில் வந்துவிடுவேன்.

அன்புடன்,
மருந்துக்காரி


அக்டோபர் 1

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

நலம். உன் நலமும் தம்பியின் நலமும் அறிய ஆவல்.

விளக்கு பழைய இடத்துக்கே போய்விட்டது. நீ சொன்னது உண்மைதானா என்று நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவர் எழுந்ததும் நேரே விளக்கடிக்குப் போகிறார். நாலு காலையும் பரப்பிக்கொண்டு, மேசைமேல் தலை கவிழ்ந்து தூங்கும் பையன் மாதிரி கிடக்கிறார். கொஞ்ச நேரத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல எழுந்து போய் இலை தின்கிறார். பிறகு நிழல். பிறகு மறுபடி விளக்கு. பாடவேளைக்கு மணி அடிக்க ஆளே வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தச்சர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஆமைக்கு ட்யூஷனா?"

"இல்லப்பா, அவர்கிட்ட நான் படிக்கிறேன்."

"பாஸ் ஆவீங்களா?"

"சந்தேகந்தான்."

உள்ளே வந்து டீ குடித்துவிட்டுப் போனார். டீ போடும்போது தண்ணீர் எனக்கு எப்போதும் கூடிவிடுகிறது. மிச்சத்தை அவர்தான் குடிக்கிறார்.

நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டேன். விளக்கின் சூடு என் முட்டிக்கும் கொஞ்சம் படுகிறது. உன் கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் உலர்த்தி மடித்து வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் இங்கே மலையில் குளிர் ஆரம்பித்துவிடும்.

இப்படிக்கு,
வாத்தியார்


அக்டோபர் 14

அன்புள்ள வாத்தியாருக்கு,

நான் நலம். உங்கள் முட்டிக்கு விளக்கு மட்டும் போதாது, மாத்திரையும் போடுங்கள்.

தம்பிக்கு எலும்பு எதிர்பார்த்தபடி கூடவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இன்னும் சில மாதம் என்கிறார். மாதக் கடைசியில் வர முடியாது.

கடையில் தட்டுகளை எல்லாம் பிரித்து அடுக்கிவிட்டேன். காலாவதியான மருந்தே ஒரு கூடை இருந்தது. தம்பி பின்னறையிலிருந்து கத்துகிறான், "யக்கா, எதையும் நகர்த்தாதே, எனக்கு இருட்டுலகூட எடம் தெரியும்!" "இருட்டுல தேடித்தானே இடுப்பு போச்சு" என்றேன். இப்போது உள்ளே வருகிறவர்கள் "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு பெண் தன் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த இரண்டு மருந்து ஒன்றுக்கொன்று ஆகாது என்று நான் டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் நன்றி சொன்னார். அன்றைக்கு எனக்குப் பசிக்கவே இல்லை.

இந்த வருஷம் இன்ஸ்பெக்டரை நீங்கள்தான் குளிர் உறக்கத்துக்கு அனுப்ப வேண்டும். இப்போதே இலையைக் குறைத்து, அடுத்த வாரத்தோடு நிறுத்துங்கள். வயிற்றில் ஏதாவது தங்கினால் தூக்கத்தில் அழுகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி உட்கார வையுங்கள். விளக்கு எரியும் நேரத்தையும் சூட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, நவம்பர் நடுவில் அணைத்துவிடுங்கள். பிறகு வைக்கோல் போட்ட பெட்டியில் சாமான் அறையில் வையுங்கள், குளிர் ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதன் பிறகு பிப்ரவரி கடைசிவரை உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. வாரம் ஒருமுறை எடுத்து எடை பார்த்தால் போதும். அதைத் தச்சர்கூடச் செய்வார்.

இங்கே கடைக்கு மேலே ஒரு அறை சும்மா கிடக்கிறது. நேற்று பெருக்கித் துடைத்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிரே பள்ளிக்கூட மைதானம் தெரிகிறது. பையன்கள் போடும் சத்தம் மேலே வரை கேட்கிறது.

அன்புடன்,
மருந்துக்காரி


நவம்பர் 9

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காரணம் ஒன்றுமில்லை.

தம்பி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். எலும்பு என்பது அவசரப்படுத்தினால் கேட்கிற மாணவன் இல்லை. நீ மாடி அறையைத் துடைக்கிறேன் என்று குனிந்து நிமிர்ந்து உன் இடுப்பையும் பிடித்துக்கொள்ளாதே. ஒரு வீட்டுக்கு ஒரு இடுப்பு போதும்.

இன்ஸ்பெக்டர் விஷயத்தில் கவலை வேண்டாம். நீ எழுதியபடியே நடக்கிறது. இலை நிறுத்தியாகிவிட்டது. நேற்று மழை. பெட்டி வாசலில் தலையை வைத்துக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

தண்ணீர்க் குழாயை மாற்றினேன். உன் கம்பளிச் சட்டையை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
வாத்தியார்


நவம்பர் 20

அன்புள்ள வாத்தியாருக்கு,

நானும் தம்பியும் சுகம். அவன் இப்போது இரண்டு பக்கமும் கட்டை ஊன்றிக் கடைவரை வருகிறான். வந்து என் அடுக்குகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறான்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி உறுத்துகிறது. நவம்பர் குளிரில், பட்டினி கிடக்கும் ஆமை, மழை பார்க்க வாசலுக்கு ஏன் வருகிறது? இந்நேரம் மூலையில் மண்ணைத் தோண்டிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். விளக்கைக் குறைத்தீர்களா, இல்லையா? உள்ளதை எழுதுங்கள்.

தம்பி ஒன்று கேட்டான். "கடையில நீ பாதி, நான் பாதி. இங்கயே இருந்துடேன்க்கா. ஒனக்கும் அங்க என்ன வேல?" உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
மருந்துக்காரி


டிசம்பர் 17

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

நலமா? உன் கடிதம் கிடைத்து வெகுநாளாகிறது. பதிலை எழுதி எழுதி வைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளதை எழுதுகிறேன். இலையை நிறுத்தினேன். சூட்டையும் நீ சொன்னபடி பாதிக்கு இறக்கினேன். அதற்கு மேல் கை போகவில்லை. விளக்கை அணைக்க மனம் வரவில்லை. சாயங்காலம் சமையலறை ஜன்னலில் நின்றால் தோட்டத்தில் அந்த ஒரு சதுரம் மட்டும் மஞ்சளாகத் தெரியும். அதற்குள் ஒருவர் நடமாடுவார். அதையும் அணைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் என்று தள்ளிவிட்டேன்.

இப்போது அவர் சரியாக இல்லை. ரெண்டு அடி நடந்து நின்றுவிடுகிறார். கண் பாதி மூடியிருக்கிறது. பயந்துபோய் இலை கொடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையில் எடுத்தால் லேசாக இருக்கிறார். சமையலறைத் தராசில் வைத்தேன். தராசில்தான் கோளாறு என்று சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துச் சோதித்தேன். தராசு சரியாக இருக்கிறது. என்ன செய்வது என்று உடனே எழுது.

தம்பி கேட்டது பற்றி. உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். எனக்கு எதுவும் சம்மதமே.

இப்படிக்கு,
வாத்தியார்


டிசம்பர் 20

வாத்தியாருக்கு,

கடிதம் இன்று வந்தது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எழுதுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை போனில் "எல்லாம் நலம்" என்றீர்களே.

நம்மிடம் மருந்து வாங்கும் கால்நடை டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டேன். பாதிச் சூடுதான் அவனுக்கு எல்லாவற்றிலும் கெடுதல். தின்றதைச் செரிக்க அந்தச் சூடு போதாது. தூங்கிப்போக அந்தக் குளிர் போதாது. முழித்துக்கொண்டு தன் உடம்பையே தின்றுகொண்டிருக்கிறான். இவ்வளவு இளைத்தவனை இனிமேல் தூங்க வைக்கக் கூடாது, எழுந்திருக்க மாட்டான். இந்த வருஷத் தூக்கம் போயிற்று. உடனே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். சூட்டு விளக்கைத் தாழ இறக்கி, அதன் அடியில் முப்பது டிகிரிக்கு மேல் வரட்டும். மறுகோடி குளிர்ச்சியாகவே இருக்கட்டும். தினமும் வெதுவெதுத் தண்ணீர். வெயில் விளக்கைப் புதிதாக வாங்குங்கள். பழையது எரிகிறதே என்று விடாதீர்கள். வெளிச்சம் வந்துகொண்டிருக்கும், அவனுக்கு வேண்டிய கதிர் எப்போதோ நின்றிருக்கும். அங்கே உள்ள கால்நடை டாக்டரிடம் நாளைக்கே காட்டுங்கள்.

இனி மற்றது. 'எதுவும் சம்மதமே' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பதிலா? வா என்று எழுதினால் கோபித்துக்கொண்டாவது வந்திருப்பேன். இரு என்று எழுதினால் அழுதுகொண்டாவது இருந்திருப்பேன். சம்மதம் என்றால் நான் எங்கே போவது?

நான் மாடி அறையை எதற்காகத் துடைத்தேன் என்று நினைத்தீர்கள்? அவன் தூங்கிவிட்டால் பிப்ரவரிவரை உங்களுக்கு வேலையில்லை என்று எழுதினேனே, எடை பார்க்கத் தச்சர் போதும் என்று எழுதினேனே. நவம்பர் நடுவிலிருந்து ஒவ்வொரு பேருந்துச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தேன். நீங்கள் தூங்க விடாமல் அவனைப் பிடித்து வைத்திருந்தீர்கள்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காமலே வருவீர்கள் என்று இருந்தேன்.

டாக்டரிடம் காட்டியதும் தந்தி மாதிரி ஒரு வரி எழுதுங்கள். போனில் வேண்டாம். 'ம்' என்பீர்கள்.

மருந்துக்காரி


டிசம்பர் 24

காட்டிவிட்டேன். ஊசி போட்டார். உள்ளே கொண்டுவந்துவிட்டேன். புது விளக்கு மாட்டியாகிவிட்டது. இன்னும் சாப்பிடவில்லை.

வாத்தியார்


ஜனவரி 8

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

சாப்பிட்டார்! நேற்றுக் காலை, விளக்கடியில் கிடந்தவர் எழுந்து, தள்ளாடித் தள்ளாடி வந்து, இலையின் ஓரத்தைக் கவ்விவிட்டு யோசித்தார். பிறகு இன்னொரு கவ்வு. தச்சரை வேலிக்கு அப்பால் கத்திக் கூப்பிட்டேன். அவர் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று கையில் உளியோடு ஓடிவந்தார். "இதுக்கா சார்?" என்றவர், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னொரு இலை போடுங்க" என்றார்.

நீயும் தம்பியும் நலம்தானே? நான் நலம்.

உன் கடிதங்களை முதலிலிருந்து எடுத்துப் படித்தேன். கேள்வித்தாளையே அழகான கையெழுத்தில் திரும்ப எழுதிவிட்டு, விடை எழுதாமல் கொடுத்துவிட்டுப் போகும் பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். அவனுக்கு என்ன மதிப்பெண் போடுவது என்று எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கும். மாடி அறை, ஜன்னல், மைதானம் என்று நீ எழுதிய இடத்தில் அவனைப்போல இடுப்பைப் பற்றி எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

'வா' என்று நாலைந்து முறை எழுதினேன். அனுப்பவில்லை. ஏனென்றால், அந்த டாக்டர் உனக்கு நன்றி சொன்ன நாளைப் பற்றி நீ எழுதிய பத்தி இருக்கிறதே, ஓய்வுபெற்ற பிறகு இந்த வீட்டில் உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. அந்தக் குரலைப் பார்த்து எப்படி வா என்பது?

அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மாடி ஜன்னலுக்கு வெயில் எந்தப் பக்கம் வருகிறது? எவ்வளவு நேரம் நிற்கிறது?

இப்படிக்கு,
வாத்தியார்


ஜனவரி 22

அன்புள்ள வாத்தியாருக்கு,

அவன் சாப்பிட்டான் என்றதும் தம்பியிடம் ஓடினேன். அவனுக்கு ஆமையைப் பிடிக்காது, தெரியுமே. "அந்தக் கல்லு பொழச்சிருச்சா? மாமாதான் பாவம், இளைச்சிருப்பாரு" என்றான்.

காலை வெயில் ஜன்னல் வழியாக அறையின் பாதிவரை வருகிறது. உச்சிக்கு முன்னால் போய்விடும். ஆனால் கடைக்குப் பின்னால் ஒரு முற்றம் இருக்கிறது. காலிப் பெட்டியாகப் போட்டு வைத்திருந்தார்கள். தம்பியின் கூச்சலைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் அகற்றிப் பார்த்தேன். தெற்கு பார்த்த சுவர். நாள் முழுக்க வெயில். சாயங்காலம் கை வைத்தாலும் சுவர் சுடுகிறது.

அவசரப்பட வேண்டாம். பழைய எடை திரும்பி, குளிரும் தணிந்த பிறகுதான் பயணம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மார்ச் ஆகும். ஆகட்டும்.

கடை ஷட்டரை இறக்கும்போது தினமும் உங்களிடம் சொல்ல ஏதாவது ஒன்று இருக்கிறது. பெரிய விஷயம் இல்லை. யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எதற்குச் சிரித்தேன். மாடி ஏறுவதற்குள் அது போய்விடுகிறது. கடிதம் எழுத உட்கார்ந்தால் வருவதில்லை. இதுவரை எத்தனை போனது என்று தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முட்டிக்கு மாத்திரை போடுகிறீர்களா?

உங்கள்,
மருந்துக்காரி


மார்ச் 8

அன்புள்ளவளுக்கு,

நான் நலம். மாத்திரை போடுகிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு.

இன்ஸ்பெக்டர் தேறிவிட்டார். டாக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் ஆமை கனம் வந்திருக்கு" என்றார். தச்சர் மெல்லிய பலகையில் காற்றுத்துளை வைத்த பெட்டி ஒன்று செய்திருக்கிறார். அடியில் வைக்கோல், பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை. அதை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் போதும் என்று நான் அவருக்குச் சொன்னேன். "தெரியுது சார், நீங்க பாஸ்" என்றார். வீட்டுச் சாவி அவரிடம் இருக்கும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்.

நேற்று பேருந்து நிலையத்தில் முன்பதிவுக்குப் போனேன். ஜன்னலில் இருந்த பெண், "கூட என்ன சாமான்?" என்றாள்.

"ஒரு ஆமை."

"பொம்மையா?"

"உயிரோடதான்மா."

அவள் உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கடிக்குமா?"

"கீரையை மட்டும்."

"சத்தம் போடுமா?"

"எங்க வீட்டுல யாருமே சத்தம் போட மாட்டோம் சார். அதுதான் பிரச்சினையே."

அவர் சிரித்துவிட்டு ஜன்னலோரம் எழுதிக் கொடுத்தார்.

உன் தம்பிக்கு என் அன்பைச் சொல். சட்டைகளை மடித்து வைத்துவிட்டேன், உன்னுடைய கம்பளியும் சேர்த்து. துணிப்பெட்டியை இன்னும் மூடவில்லை, இன்ஸ்பெக்டர் அதற்குள் போய்ப் பார்வையிட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. தபால்காரர் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள இங்கே ஆள் இருக்காது.

உன்,
வாத்தியார்